இசைத்தாளைத் தொட்டுப் படித்தோர்

1771ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் செயின்ட் ஓவிட் சந்தை கூடியிருந்தது. அங்கே காப்பிக் கடை வைத்திருந்த ஒருவர் கூட்டத்தைக் கவர ஒரு வழி கண்டார். பார்வையற்றோர் விடுதியில் வாழ்ந்த சிலரைக் கூலிக்கு அழைத்துவந்து மேடையில் அமர்த்தினார். நீண்ட அங்கி, உயரமான கூம்புத் தொப்பி, அட்டையில் செய்த பெரிய மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை அவர்களுக்கு அணிவித்தார். கையில் இசைக்கருவிகளைக் கொடுத்தார். எதிரே இசைத்தாள்களை வைத்தார். அவற்றைப் படிக்க விளக்குகளும் வைத்தார்! பார்வையற்றோர் தாளைப் பார்த்து வாசிப்பதுபோல் பாவனை செய்ய, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இந்தக் காட்சி படமாகவும் அச்சிடப்பட்டது.

அங்கே நின்றிருந்த வாலந்தேன் அயூயி என்ற இளைஞருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மொழிபெயர்ப்புத் தொழில் செய்து வாழ்ந்தவர் அவர். அந்தக் கேலிக்கூத்தை உண்மையாக்கிக் காட்ட வேண்டும் என்று அன்றே உறுதி பூண்டதாக அவர் பின்னாளில் எழுதினார்.

இந்தக் கேலியின் உயிர்நாடி எது என்று சற்று எண்ணிப் பாருங்கள். பார்வையற்றவர் வயலின் வாசித்தது மக்களுக்குப் புதுமையன்று. தெருவிலும் கோயில் வாசலிலும் அவர்கள் அன்றாடம் கண்டதுதான். பார்வையற்றவர் இசைத்தாளைப் படிப்பதாகக் காட்டியதே நகைப்புக்குரியதாயிற்று. வாசிக்கலாம், ஆனால் படிக்க முடியாது என்பதே அன்றைய முடிவு. அந்த முடிவு எவ்வாறு மாறியது என்பதே இக்கட்டுரையின் செய்தி.

காது மட்டும் போதுமா?

இசை காதுக்குரிய கலை. நல்ல காதும் நினைவாற்றலும் இருந்தால் தாள் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. குருவின் வாய்மொழியைக் கேட்டே பயிலும் இசை மரபுகள் உலகில் பல உண்டு.

ஆனால் ஐரோப்பிய இசை வளர்ந்த வழி வேறு. அங்கே ஒரே நேரத்தில் பல குரல்கள், பல கருவிகள் வெவ்வேறு சுரங்களை ஒலிக்கின்றன. பியானோ வாசிப்பவரின் வலக்கை ஒரு வரியையும் இடக்கை வேறொரு வரியையும் வாசிக்கின்றன. ஆர்கன் என்னும் பெரிய காற்றுக்குழல் கருவியிலோ இரு கால்களும் மூன்றாவது வரியொன்றை மிதிக்கின்றன. இவை அனைத்தையும் கேட்டே பிரித்தறிந்து மனத்தில் பதிப்பது மிகச் சிலருக்கே இயலும். ஆகவே அந்த இசை உலகில் தாளே பொதுச்சொத்து. பாடம் சொல்லவும், தேர்வு எழுதவும், புதிய இசை இயற்றவும், நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் படைப்பை அறியவும் அதுதான் வாயில். அந்த வாயில் அடைபட்டிருந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் பிறர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுக் கற்பவராகவே ஒருவர் இருக்க வேண்டும்.

வியன்னாவில் பிறந்த மரியா தெரேசியா ஃபொன் பாரதிஸ் என்ற அம்மையார் (1759–1824) இளம் வயதிலேயே பார்வை இழந்தவர். பியானோவில் பெரும் புகழ் பெற்றார். 1784இல் அவர் பாரிஸுக்கு வந்து கச்சேரிகள் செய்தார். கைக்கு அடக்கமான ஓர் அச்சுக் கருவியால் அவர் கடிதங்கள் எழுதினார். தாம் இயற்றும் இசையை முளைகள் செருகும் ஒரு பலகையில் குறித்துவைக்கவும் பின்னாளில் கற்றார். அயூயி அவரைச் சந்தித்தார். தாம் எண்ணியது நடக்கக்கூடியதே என்பதற்கு நேரில் ஒரு சான்று கிடைத்தது. ஆனால் பாரதிஸ் அம்மையாரின் கருவிகள் வசதி படைத்த ஒருவருக்கென்று தனியே செய்யப்பட்டவை. ஏழை மாணவர் நூறு பேருக்கு என்ன வழி?

புடைப்பெழுத்துப் புத்தகம்

அயூயி தம் முதல் மாணவரைக் கோயில் வாசலில் கண்டார். பிரான்சுவா லெசுயர் என்ற அந்த இளைஞர் பிச்சை எடுத்துக் குடும்பத்தைக் காத்துவந்தவர். 1785 வாக்கில் அயூயியின் பள்ளி உருவாயிற்று. பார்வையற்ற பிள்ளைகளுக்கெனத் தோன்றிய முதல் பள்ளி அதுவே எனலாம்.

அயூயி கண்ட வழி எளியது. ஈரமான தடித்த தாளில் எழுத்துகளை அழுத்திப் புடைக்கச் செய்து, விரலால் தடவிப் படிக்கவைத்தார். இசைக்கும் அதே வழிதான். ஐந்து கோடுகளும் அவற்றின்மேல் சுரக்குறிகளும் அச்சில் உள்ளபடியே புடைத்து நின்றன. 1786 டிசம்பரில் அவருடைய மாணவர்கள் வெர்சாய் அரண்மனையில் அரசர் முன்னிலையில் படித்தும் இசைத்தும் காட்டினர். சந்தைக் கேலிக்கூத்து நடந்து 15 ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஆயின் இம்முறையில் பெருங்குறைகள் இருந்தன. புத்தகங்கள் மிகப் பெரியவை, கனமானவை, விலை மிக்கவை. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரல் சுற்றிவந்து அறிய வேண்டியிருந்தது; ஆகவே படிப்பு மெதுவாகவே நடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர் அந்த எழுத்தைத் தாமே எளிதில் எழுத முடியாது. பாடக் குறிப்பையோ, மனத்தில் உதித்த ஒரு மெட்டையோ குறித்துக்கொள்ள வழியில்லை. படிக்க முடியும், எழுத முடியாது என்றால் அது பாதிக் கல்விதானே?

பன்னிரண்டு புள்ளியும் ஆறு புள்ளியும்

1819ஆம் ஆண்டு பிப்ரவரியில் அப்பள்ளியில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். குப்ரே என்ற சிற்றூரில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகன். 3 வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது கூரிய கருவி ஒன்று கண்ணில் குத்தி, புண் இரு கண்களுக்கும் பரவிப் பார்வை போயிற்று. அவன் பெயர் லூயி பிரெயில்.

பள்ளியில் இசை முக்கியப் பாடமாக இருந்தது. பிரெயில் செல்லோவும் ஆர்கனும் கற்றார். 1821இல் சார்ல் பார்பியே என்பவர் தாம் உருவாக்கிய புள்ளி எழுத்தை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். இரு நிரல்களில் நிரலுக்கு 6 வீதம் 12 புள்ளிகள் வரை அதில் அமையும். ஊசியால் தாளில் குத்தினால் மறுபுறம் புள்ளி எழும்பும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். இது பெரிய முன்னேற்றம். ஆனால் 6 புள்ளி உயரமுள்ள கட்டம் விரல் நுனிக்குள் அடங்காது. விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். மேலும் அது ஒலிகளைக் குறிக்கும் முறையாதலால் எழுத்திலக்கணத்துக்கோ இசைக்கோ அதில் இடமில்லை.

பிரெயில் இதைப் பாதியாகக் குறைத்தார். நிரலுக்கு 3 வீதம் 6 புள்ளிகள். 1824இல், தம் 15ஆம் வயதில், அவர் இம்முறையின் அடிப்படையை அமைத்துவிட்டார். 1829இல் அதை நூலாக வெளியிட்டார். சொற்களையும் இசையையும் கோயிற்பாடலையும் புள்ளிகளால் எழுதும் முறை என்பது அந்நூல் தலைப்பின் பொருள். இசை என்பது பிற்பாடு சேர்த்த இணைப்பு அன்று. முதல் நூலின் தலைப்பிலேயே அது இருந்தது. அந்நூல் பழைய புடைப்பெழுத்திலேயே அச்சிடப்பட்டது என்பது சுவையான செய்தி. புதிய எழுத்தைப் பழைய எழுத்தால்தானே அறிமுகம் செய்ய முடியும்?

ஆறு புள்ளி ஏன் வென்றது? நம் விரல் நுனியின் தோல், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியே உணர வல்லது. பிரெயில் புள்ளிகளுக்கிடையே உள்ள தொலைவு ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். உயரம் அரை மில்லிமீட்டர் அளவு. ஆறு புள்ளிகளும் ஒரே தொடுகையில் விரல் நுனிக்குள் அடங்கிவிடுகின்றன. தொடர்ந்து செல்லும் வளைகோடு தோலுக்கு மங்கலாகத் தெரியும். தனித்து நிற்கும் புள்ளியோ தெளிவாகத் தெரியும். அயூயியின் எழுத்து கண்ணுக்கு ஏற்ற வடிவத்தை விரலிடம் கொடுத்தது. பிரெயிலின் எழுத்து விரலுக்கென்றே பிறந்தது.

படம் வாக்கியமாகிறது

ஐந்து கோட்டு இசைத்தாள் உண்மையில் ஒரு வரைபடம். இடமிருந்து வலமாகக் காலம் ஓடுகிறது. கீழிருந்து மேலாகச் சுரத்தின் உயரம் ஏறுகிறது. இரு திசைகளையும் ஒரே பார்வையில் கண் அள்ளிக்கொள்ளும். விரலோ ஒரு வரியில் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும். ஆகவே வரைபடத்தை அப்படியே புடைக்கவைப்பதில் பயனில்லை. அதை வாக்கியமாக மாற்ற வேண்டும். பிரெயில் செய்தது இதைத்தான். 1829 நூலில் இருந்த இசைமுறையை அவர் தொடர்ந்து திருத்தி, 1830களில் இன்றைய முறைக்கு அடிப்படையான வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

அதன் அமைப்பைக் காண்போம். இடப்புறப் புள்ளிகளை மேலிருந்து 1, 2, 3 என்றும், வலப்புறப் புள்ளிகளை 4, 5, 6 என்றும் எண்ணுவர். ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்கள் ஆக்கலாம். மேலே உள்ள 1, 2, 4, 5 ஆகிய நான்கு புள்ளிகள் சுரத்தின் பெயரைச் சொல்லும். கீழே உள்ள 3, 6 ஆகிய இரண்டும் அது நீடிக்கும் காலத்தைச் சொல்லும்.

மேற்கத்திய இசையின் முதற்சுரத்துக்கு 1, 4, 5 என்ற புள்ளிகள். கீழே புள்ளி எதுவும் இல்லையானால் அது அரைக்கால் சுரம். ஆறாம் புள்ளி சேர்ந்தால் கால் சுரம். மூன்றாம் புள்ளி சேர்ந்தால் அரைச் சுரம். இரண்டும் சேர்ந்தால் முழுச் சுரம். வீசம் முதலிய சிறிய காலங்களுக்கும் இதே நான்கு வடிவங்கள் மீண்டும் பயன்படுகின்றன. குழப்பம் வாராதா? வாராது. ஒரு தாளக் கட்டத்துக்குள் எத்தனை சுரம் அடங்கும் என்பது படிப்பவருக்குத் தெரியுமாதலால், முழுச் சுரமா வீசமா என்பது கணக்கிலேயே விளங்கிவிடும்.

எந்த ஸ்தாயி என்பதைச் சுரத்துக்கு முன் நிற்கும் ஒரு குறி காட்டும். ஆயினும் ஒவ்வொரு சுரத்துக்கும் அதை எழுதுவதில்லை. அடுத்த சுரம் அருகிலேயே இருந்தால் குறி தேவையில்லை; நெடுந்தொலைவு தாவினால் மட்டும் எழுதுவர். பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டில் ஒரு சுரத்தை மட்டும் எழுதி, மற்றவை அதிலிருந்து எத்தனையாவது இடத்தில் உள்ளன என்பதைக் குறிகளால் காட்டுவர். வலக்கைப் பகுதியில் மேற்சுரத்திலிருந்து கீழாகவும், இடக்கைப் பகுதியில் கீழ்ச்சுரத்திலிருந்து மேலாகவும் எண்ணுவது வழக்கம்.

சுரங்களை எழுத்துகளால் குறிப்பது நமக்குப் புதிதன்று. நம் ச, ரி, க, ம வரிசையும் எழுத்துதானே! 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலும் அதே ஆறு புள்ளிகளால் ஆனது.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. பியானோ மாணவர் இடக்கை விரலால் தாளைத் தடவிக்கொண்டே வலக்கையால் வாசித்துப் பழகுவார். பின்பு கைகளை மாற்றிக்கொள்வார். முடிவில் இரண்டையும் மனப்பாடமாகச் சேர்த்து வாசிப்பார். ஆகவே மேடையில் அவர் முன் தாள் இராது. பாடுபவருக்கோ இந்தத் தடை இல்லை, தடவிக்கொண்டே பாடலாம். தாள் நினைவாற்றலுக்கு மாற்று அன்று. பிறருடைய துணைக்காகக் காத்திராமல் நினைவில் ஏற்றிக்கொள்ளும் வழி அது.

சுருதி கூட்டிய மாணவர்

எழுத்து ஒரு வாயில் என்றால் தொழில் மற்றொரு வாயில். பிரெயில் காலத்தில் அப்பள்ளியில் பயின்ற குளோத் மோந்தால் (1800–1865) பியானோவுக்குச் சுருதி கூட்டக் கற்றுக்கொண்டார். பள்ளிக் கருவிகளைத் தொடக்கூடாது என்று முதலில் தடுத்தார்கள். அவரும் தோழர் ஒருவரும் பழைய பியானோ ஒன்றைப் பிரித்து மீண்டும் பூட்டிக் காட்டிய பிறகே நம்பிக்கை பிறந்தது.

சுருதி கூட்டுவதற்குக் கண் தேவையில்லை என்பதைப் பௌதிகம் அறிந்தவர் உணர்வர். ஏறத்தாழ ஒத்த இரு கம்பிகளை ஒருங்கே ஒலித்தால் ஒலி ஏறி இறங்கும். இதை விம்மல் என்கிறோம். ஒன்று நொடிக்கு 440 முறையும் மற்றொன்று 442 முறையும் அதிர்ந்தால் நொடிக்கு 2 விம்மல்கள் கேட்கும். விம்மல் மறையும்வரை ஆணியைத் திருகினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிற சுரங்களில் வேண்டிய வேகத்தில் விம்மல் வரும்படி விடுவார்கள். காதும் கையும் செய்யும் வேலை இது.

மோந்தால் 1836இல் சுருதி கூட்டும் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். பியானோ வைத்திருப்போர் தாமே சுருதி கூட்டிக்கொள்வது எப்படி என்பதை விளக்கும் நூல் அது. பார்வையுள்ளோருக்குப் பார்வையற்றவர் ஒருவர் ஆசிரியரானார்! பின்னர் அவரே பியானோக்களும் செய்தார். அவருக்குப் பின் பல நாடுகளில் பார்வையற்றோர் பள்ளிகள் இத்தொழிலைக் கற்பித்தன.

ஒற்றுமையின் பெயரால் ஒரு தடை

பிரெயில் அதே பள்ளியில் ஆசிரியரானார். பாரிஸ் கோயில்களில் ஆர்கன் வாசித்தார். அவருடைய எழுத்தை மாணவர்கள் உடனே பற்றிக்கொண்டனர். ஆனால் 1840இல் பள்ளியின் தலைவராக வந்த துஃபோ என்பவர் அதை வகுப்பறையிலிருந்து ஒதுக்கினார்.

அவருடைய தரப்பின் வாதம் கெட்ட எண்ணத்தால் எழுந்ததன்று. பார்வையற்றோருக்குத் தனி எழுத்து கொடுத்தால் அவர்கள் தனிச் சாதியாகிவிடுவார்கள். எல்லோரும் படிக்கும் எழுத்தையே அவர்களும் படிக்க வேண்டும். அப்போதுதான் சமூகத்தோடு ஒன்றுவார்கள் என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் இந்த ஒற்றுமையில் ஒரு தரப்பார்க்கு மட்டுமே வசதி. பார்வையுள்ள ஆசிரியர் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பார்வையற்ற மாணவரோ தம் விரலுக்கு ஒவ்வாத எழுத்தோடு போராட வேண்டும்; எழுதவும் முடியாது. எல்லோருக்கும் ஒரே வடிவம் என்பது வேறு. எல்லோருக்கும் ஒரே பொருள் எட்டுவது என்பது வேறு. வடிவம் வேறாக இருந்தால்தான் சிலருக்குப் பொருள் எட்டும்.

மாணவர்கள் தமக்குள் அவ்வெழுத்தில் எழுதிக்கொள்வதை நிறுத்தவில்லை. 1844 பிப்ரவரி 22ஆம் நாள் பள்ளியின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. துணைத் தலைவர் குவாதே பிரெயிலின் முறையை அவையோர் முன் விளக்கிப் பாராட்டினார். தடை தளர்ந்தது.

பிரிவினை வரும் என்ற அச்சத்துக்கு பிரெயிலே ஒரு விடை தந்திருந்தார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1839இல் அவர் வேறொரு முறையை வெளியிட்டார். சாதாரண எழுத்துகளையும், நிலப்படங்களையும், இசைக்குறிகளையும் புள்ளிகளால் வரையும் முறை அது. பார்வையற்றவர் எழுதியதைப் பார்வையுள்ளவர் கண்ணால் படிக்கலாம். பார்வையற்ற பொறியாளரான ஃபூக்கோ என்பவர் இதற்கென ஒரு விசைக்கருவியும் செய்தார். தம் விரலுக்கு ஏற்ற எழுத்தைப் பிரெயில் விட்டுக்கொடுக்கவில்லை. இரு கரைகளுக்கும் இடையே பாலம் கட்டினார்.

1852 ஜனவரி 6ஆம் நாள், 43ஆம் வயது நிறைந்த இரண்டாம் நாள், பிரெயில் காலமானார். 1854இல் பிரான்சில் அவருடைய முறை அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது.

தீர்மானிப்பவர் யார்?

இங்கிலாந்தில் அப்போது பல புடைப்பெழுத்து முறைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. பார்வை குன்றியதால் மருத்துவத் தொழிலை விட்ட ஆர்மிட்டேஜ் என்பவர் 1868இல் நண்பர்களோடு ஒரு சங்கம் கண்டார். எந்த எழுத்து சிறந்தது என்று தீர்மானிக்கும் குழுவுக்கு அவர் விதித்த நிபந்தனைகள் நினைவில் கொள்ளத்தக்கவை. உறுப்பினர் பார்வையற்றவராக இருக்க வேண்டும். மூன்று முறைகளையாவது விரலால் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எந்த முறையிலும் அவருக்குப் பண ஆதாயம் இருக்கக்கூடாது. இரண்டாண்டு ஆய்வுக்குப் பின் அக்குழு பிரெயிலைத் தேர்ந்தது.

1872இல் ஆர்மிட்டேஜும், அமெரிக்காவிலிருந்து வந்த பார்வையற்ற இசையாசிரியர் கேம்பெலும் சேர்ந்து லண்டனில் பார்வையற்றோருக்கான இசைக் கல்லூரியைத் தொடங்கினர். 1888இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பல நாட்டார் கூடி பிரெயில் இசைக்குறிகளைப் பொதுவாக்கினர். பாரிஸில் அச்சான தாளை லண்டனிலும் படிக்கலாம் என்ற நிலை பிறந்தது. 1929, 1954 ஆகிய ஆண்டுகளில் மேலும் மாநாடுகள் கூடின. 1996இல் புதிய பன்னாட்டுக் கையேடு வெளிவந்தது.

ஆர்கன் முதல் இசைக்குழு வரை

விளைவு என்ன? பாரிஸ் பள்ளியில் பயின்ற லூயி வியெர்ன் (1870–1937) பிறவியிலேயே பார்வை மிகக் குறைந்தவர். 1894இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் ஆர்கனுக்கு முதற்பரிசு பெற்றார். 1900இல் புகழ் பெற்ற நோத்ர் தாம் கோயிலின் ஆர்கன் கலைஞரானார். 1937 ஜூன் 2ஆம் நாள் அங்கே கச்சேரி செய்துகொண்டிருக்கும்போதே உயிர் நீத்தார். அவருக்குப் பின் அதே பள்ளியிலிருந்து அந்திரே மர்ஷால், ழான் லாங்லே, காஸ்தோன் லித்தேஸ் ஆகியோர் வந்தனர். சலுகையால் அல்ல, பார்வையுள்ளவர்களோடு ஒரே தேர்வில் போட்டியிட்டு அவர்கள் இடம் பெற்றனர்.

எல்லோரும் ஒரே வழியைப் பின்பற்றினர் என்பதில்லை. ஜெர்மானியரான ஹெல்முட் வால்ஹா (1907–1991) பாஹ் இயற்றிய ஆர்கன் இசையைப் பிறர் ஒவ்வொரு குரலாகத் தனித்தனியே வாசிக்கக் கேட்டு, மனத்தில் ஒன்றுசேர்த்துக் கற்றார். அதுவும் ஒரு வழியே. ஸ்பெயின் நாட்டு ஹோவாகின் ரொட்ரிகோ (1901–1999) 3 வயதில் தொண்டை அடைப்பான் நோயால் பார்வை இழந்தவர். தம் இசையை பிரெயிலில் எழுதி, பிறகு சுரம் சுரமாகச் சொல்லிச் சாதாரணத் தாளில் எழுதவைத்தார். 1939இல் அவர் இயற்றிய அரான்ஹுவேஸ் கிட்டார் இசை இன்று உலகெங்கும் ஒலிக்கிறது.

பெரிய இசைக்குழுவில் பார்வையற்றோர் சேர்வது கடினம் என்பர். நடத்துநரின் கைக்கோலைப் பார்க்க வேண்டும், புதிய தாளைக் கண்டவுடன் வாசிக்க வேண்டும் என்பவை காரணங்கள். எகிப்தின் கெய்ரோ நகரில் இதற்கு ஒரு விடை உண்டு. 1954இல் அங்கே ‘ஒளியும் நம்பிக்கையும்’ என்று பொருள்படும் பெயரில் பார்வையற்ற பெண்களுக்கான சங்கம் ஒன்று தோன்றியது. 1961இல் அது ஓர் இசைப் பள்ளியைத் தொடங்கியது. அங்கே பயின்ற பெண்கள் பிரெயில் தாளில் தத்தம் பகுதியைப் படித்து மனப்பாடம் செய்து, முழு இசைக்குழுவாக வாசிக்கின்றனர். 1988இல் ஆஸ்திரியாவுக்குச் சென்று வாசித்துவந்தனர். அதன்பின் பல நாடுகளுக்கும் சென்றனர். கேட்கும் காதும் பழகிய தாளமும் கைக்கோலின் வேலையைச் செய்கின்றன.

தாள் பஞ்சம்

எழுத்து கிடைத்தது, தாள்கள் போதிய அளவு கிடைத்தனவா? இல்லை. ஒரு பியானோ இசையை பிரெயிலாக்க இரண்டு எழுத்துகளிலும் இசையிலும் தேர்ந்த ஒருவர் பல நாள் உழைக்க வேண்டும். 1990கள் முதல் இதற்கான கணிப்பொறி நிரல்கள் வந்தன. வேலை விரைவானது, ஆயினும் ஆள் சரிபார்க்க வேண்டிய தேவை நீங்கவில்லை.

மற்றொரு தடை சட்டத்தில் இருந்தது. பதிப்புரிமை உள்ள நூலை அனுமதியின்றிப் படியெடுத்து வேறு நாட்டுக்கு அனுப்பப் பல நாடுகளின் சட்டம் இடம் தரவில்லை. ஒரு நாட்டில் ஒருவர் உழைத்து பிரெயிலாக்கிய அதே தாளை வேறொரு நாட்டில் இன்னொருவர் முதலிலிருந்து ஆக்க வேண்டியிருந்தது. இதை மாற்ற வேண்டும் என்று பார்வையற்றோர் அமைப்புகள் பல்லாண்டு வாதாடின. பார்வையற்ற அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் 2010இல் ஜெனீவாவில் பன்னாட்டுப் பிரதிநிதிகள் முன் இதற்காகப் பேசினார். 2013 ஜூன் 27ஆம் நாள் மொராக்கோவின் மராகேஷ் நகரில் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. அங்கே வந்து அவர் பாடினார். 2012இலேயே தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்ட இந்தியா, 2014 ஜூனில் இந்த உடன்படிக்கையை முதன்முதலில் உறுதிசெய்த நாடாயிற்று. 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறையில் உள்ளது. எழுத்துகளாலான நூல்களோடு குறியீடுகளாலான படைப்புகளையும் அது தன் வரம்பில் சேர்த்துச் சொல்கிறது. இசைத்தாளும் அதில் அடங்கும்.

பார்வையற்றவர் இனிமையாகப் பாடினால் நாம் மனமுவந்து கைதட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் 1771இல் சிரித்தவர்களும் இசையைக் கேட்கத்தான் செய்தார்கள். அவர்கள் மறுத்தது தாளை. நம் ஊர் இசைப் பள்ளியில் பார்வையற்ற பிள்ளை ஒன்று சேர வந்தால், குரல் எப்படி என்று சோதிப்பதோடு நாம் நின்றுவிடக்கூடாது. பாடநூல் பிரெயிலில் உண்டா, தேர்வை அப்பிள்ளை தானே எழுத வழி உண்டா என்பவற்றையும் பள்ளி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான ஆறு புள்ளிகளை 15 வயது மாணவர் ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.